கவா ஈஜென் ஏரிக்கு: காலுக்கு முன்னால் மூச்சைத் தயார் செய்யுங்கள்

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் உள்ள கவா ஈஜென் எரிமலைக்கு நடைபாதை மூன்றே கிலோமீட்டர்தான். 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள பால்துடிங்கில் தொடங்கி, 2,386 மீட்டரில் எரிமலை வாயின் விளிம்பைத் தொட்டால் ஏற்றம் முடிந்தது. சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை வாராவாரம் சுற்றி வருபவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, ஒரு நல்ல காலணியும் தலைவிளக்கும் போதும் என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் கால் தாங்கிவிடும். மூச்சுதான் திணறும். அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் காற்றைப் பற்றியும் முகமூடியைப் பற்றியும்தான் எழுதப்போகிறேன்.

முதலில் அந்த ஏரி. ஈஜென் என்பது சுமார் 20 கிலோமீட்டர் அகலமுள்ள பழைய எரிமலைப் பெருங்குழி. அதற்குள் பல சிறு எரிமலைகள் முளைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் வாயில் தேங்கிய நீர்தான் நாம் பார்க்கப் போகும் ஏரி. நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், ஆழம் 200 மீட்டரை ஒட்டி. அடியிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடும் கந்தக டை ஆக்சைடும் தண்ணீரில் கரைந்து அமிலமாகின்றன. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண், ஏரி நீருக்கு 0.5க்கும் கீழே. எலுமிச்சைச் சாறு 2ஐ ஒட்டி இருக்கும். ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறுவதால், இந்த நீர் எலுமிச்சைச் சாற்றைவிட முப்பது மடங்குக்கும் மேல் கடுமையானது. கரைந்த உலோகங்களும் மிதக்கும் கந்தகத் துகள்களும் சேர்ந்து தரும் நிறம்தான் படங்களில் பார்க்கும் அந்தப் பச்சை கலந்த நீலம். கை நனைக்க வேண்டாம், காலணியின் முனையைக்கூட விட வேண்டாம். ஏரியிலிருந்து கசிந்து ஓடும் ஆற்றுக்கு பன்யுபாஹிட் என்று பெயர். ஜாவா மொழியில் பன்யு என்றால் தண்ணீர், பாஹிட் என்பது நம் காதில் விழுந்து பழகிய மலாய்ச் சொல்தான்: கசப்பு.

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது எச்சரிக்கை நிலை. இந்தோனேசிய எரிமலை ஆய்வு மையம் தன் மக்மா இந்தோனேசியா தளத்தில் ஒவ்வோர் எரிமலைக்கும் நான்கு படிகளில் ஒன்றை அறிவிக்கிறது: நோர்மல், வஸ்பாடா, சியாகா, ஆவாஸ். நோர்மலில் இருந்தால் திட்டமிடலாம். இரண்டாம் படியான வஸ்பாடாவுக்கு உயர்ந்தாலே வாய்ப்பகுதியைச் சுற்றித் தடை வரும். 2024 ஜூலையில் அப்படித்தான் நடந்தது. சுற்றுலா முகவர்கள் "பரவாயில்லை, போகலாம்" என்று சொன்னாலும் அந்தச் சொல்லை நம்பாதீர்கள், தளத்தை நீங்களே பாருங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும் முந்திய நாளும் மறுபடி பாருங்கள். 1817இல் இந்த மலை வெடித்தபோது ஏரியின் அமில நீரே வெள்ளமாக இறங்கியது. 2018 மார்ச்சில் வெடிப்பே இல்லாமல் வெளியேறிய வாயு, அடிவாரக் கிராம மக்கள் பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது. நிலை உயர்ந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதைத் தவிர வேறு யோசனை என்னிடம் இல்லை.

நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். உடல்நலச் சான்றிதழும் கேட்பார்கள். மலைக்கு அருகில் உள்ள பன்யுவாங்கி ஊரின் மருந்தகங்களிலும் தங்குமிடங்களிலும் சில நிமிடங்களில் அதை எடுத்துக் கொடுக்கிறார்கள். அது வெறும் தாள். ஆஸ்துமா, இதய நோய், அண்மையில் வந்த நுரையீரல் தொற்று, கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் சிங்கப்பூரிலேயே உங்கள் குடும்ப மருத்துவரிடம் "கந்தக டை ஆக்சைடு இருக்கும் இடத்துக்குப் போகிறேன்" என்று அந்த வாயுவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "மலை ஏறப் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் அவர் காலையும் இதயத்தையும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, மற்றவர்கள் மூக்கில் உறைக்காத அளவு கந்தக டை ஆக்சைடே மூச்சுக் குழாயை இறுக்கிவிடும். பையில் இன்ஹேலர் இருப்பது பாதுகாப்பு ஆகாது.

இனி முகமூடி. 2013 ஜூனில் காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டிய புகைமூட்டத்துக்குப் பிறகு நம் வீடுகளில் என்95 பெட்டி ஒன்று எங்காவது இருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஈஜெனுக்குப் போகாதீர்கள். என்95 துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. காட்டுத் தீயின் புகையில் கெடுதல் செய்வது பெரும்பாலும் நுண்துகள், அங்கே என்95 சரி. இங்கே வருவது வாயு. அது அந்த முகமூடிக்குள் தாராளமாகப் போய்வரும்.

வேண்டியது பாதி முகத்தை மூடும் ரப்பர் அல்லது சிலிக்கான் முகமூடி, அதன் இரு பக்கமும் திருகி மாட்டும் வாயு வடிகட்டிகள். வடிகட்டியின் மேல் உள்ள நிறக்கோட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குழப்பம் என்னவென்றால் ஐரோப்பிய முறைக்கு ஒரு நிறம், அமெரிக்க முறைக்கு வேறு நிறம். ஐரோப்பிய முறையில் மஞ்சள் என்றால் கந்தக டை ஆக்சைடும் அமில வாயுக்களும், சாம்பல் என்றால் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கனிம வாயுக்கள், பழுப்பு என்றால் பெயிண்ட், கரைப்பான் ஆவி. வெள்ளை தூசிக்கு. அமெரிக்க முறையிலோ அமில வாயுவுக்குத்தான் வெள்ளை, அமில வாயுவும் கரைப்பான் ஆவியும் சேர்ந்ததற்கு மஞ்சள், கரைப்பான் ஆவிக்கு மட்டும் கறுப்பு. ஆக, "வெள்ளைக் கோடு போட்டது கொடுங்கள்" என்று கேட்டால் தூசி வடிகட்டி கைக்கு வரக்கூடும். பழுப்பு, சாம்பல், மஞ்சள், பச்சை நான்கும் ஒன்றாக உள்ள ஐரோப்பிய வடிகட்டி எளிதான தேர்வு. சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் உள்ள வன்பொருள் கடைகளிலும் தொழிற்பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். காலாவதித் தேதி பாருங்கள். உறையைப் பிரிக்காமல் வைத்திருந்து, ஏறும் நாளில்தான் பிரிக்க வேண்டும். வடிகட்டியின் உள்ளே இருக்கும் கரி, பிரித்த நொடியிலிருந்து காற்றில் உள்ள ஈரத்தையும் வாயுக்களையும் உறிஞ்சத் தொடங்கிவிடும்.

பால்துடிங்கில் முகமூடி வாடகைக்குக் கிடைக்கும். முகமூடி நல்லதாகவே இருக்கலாம், ஆனால் வடிகட்டி எத்தனை இரவு யார் முகத்தில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வாடகை முகமூடிதான் வழி என்றால் புது வடிகட்டியை இங்கிருந்தே கொண்டு போகலாம் என்று தோன்றும், ஆனால் திருகும் மரை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பொருந்தாது. முகமூடியும் வடிகட்டியும் ஒரே நிறுவனத்தினுடையதாக, சொந்தமாக வாங்கிவிடுவதே நல்லது.

அணியும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முகமூடியை மாட்டி, இரு வடிகட்டிகளையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டு மெதுவாக மூச்சை இழுங்கள். முகமூடி முகத்தோடு ஒட்டி உள்ளே குழிய வேண்டும். பிறகு மூச்சு வெளியேறும் வால்வை மூடி ஊதுங்கள். விளிம்பில் எங்கும் காற்று கசியக் கூடாது. தாடி இருந்தால் கசியும், இரண்டு நாள் முடி இருந்தாலே கசியும். வேண்டுதலுக்காகத் தாடி வளர்ப்பவர்கள் அது முடிந்தபின் ஈஜெனை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் முகத்துக்குப் பெரியவர் அளவு பொருந்தாது, இறுக்கிக் கட்டினாலும் கன்னத்தோரம் இடைவெளி நிற்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் விளிம்பிலிருந்து எரிமலை வாய்க்குள் இறங்கவே வேண்டாம்.

ரசாயன ஆலைகள் உள்ள ஜூரோங் தீவிலோ கப்பல் பட்டறையிலோ வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் பழகிய பாடம். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போகும் என்று பாதுகாப்பு வகுப்பில் கேட்டிருப்பார்கள். ஈஜெனிலும் அதே விதிதான். வாடை நின்றுவிட்டது என்பதற்காக வாயு போய்விட்டது என்று முகமூடியைக் கழற்றாதீர்கள். இன்னொன்றும் அவர்களுக்குத் தெரியும்: இந்த வடிகட்டிகள் கரியமில வாயுவைத் தடுக்காது, காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் அதைக் கூட்டித் தரவும் செய்யாது.

கால் பயிற்சிக்கு வருவோம், இது சுருக்கமானது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் உச்சியே 163 மீட்டர்தான், ஆகவே 500 மீட்டருக்கும் மேலான ஏற்றத்துக்கு அதை ஒரு தடவை ஏறி இறங்கினால் போதாது. நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் படிக்கட்டு இதைவிட உதவும். 12 மாடிப் புளோக்கை அடியிலிருந்து உச்சிவரை ஏறினால் 30 மீட்டரை ஒட்டி வரும். ஏறிப்போய் மின்தூக்கியில் இறங்கி, மறுபடி ஏறி, பதினேழு பதினெட்டு முறை செய்தால் ஈஜென் ஏற்றத்துக்குச் சமம். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், ஐந்து முறையில் தொடங்கிப் பன்னிரண்டுவரை கொண்டு போங்கள். கடைசி இரண்டு வாரம் மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியிலேயே இறங்குங்கள், முழங்காலுக்கு வேலை இறக்கத்தில்தான். அதே இரண்டு வாரத்தில், பயிற்சிக்கென்று தனி வடிகட்டி மாட்டிய முகமூடியோடு ஐந்து மாடியாவது ஏறிப் பாருங்கள். வடிகட்டி வழியாக இழுக்கும் மூச்சு பாரமாக இருக்கும். அந்தப் பாரம் பழகாதவர்கள், எரிமலை வாய்க்குள்ளிருந்து மேலே வரும் ஏற்றத்தில் மூச்சு முட்டியதும் முகமூடியை மோவாய்க்கு இறக்கிவிடுகிறார்கள். வாயு அதிகமாக இருக்கும் இடமும் அந்த ஏற்றம்தான். அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

மாதம்: மழை நவம்பரிலிருந்து மார்ச்வரை. நம் ஜூன் பள்ளி விடுமுறையும் செப்டம்பரில் வரும் ஒரு வார விடுமுறையும் உலர்காலத்தில் விழுகின்றன. டிசம்பர் விடுமுறையை வேறு ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதை வழுக்கும், மூடுபனியில் ஏரி தெரியாது. நோன்புப் பெருநாள் வாரத்தில் ஜாவா முழுவதும் சொந்த ஊருக்குப் பயணம் போகும், சாலையும் கப்பல்துறையும் நிரம்பி வழியும். மாதத்தில் ஒரு நாள், பெரும்பாலும் முதல் வெள்ளிக்கிழமை, பாதையை மூடி வைக்கிறார்கள். சீட்டு பதிவு செய்யும்போது கவனியுங்கள்.

போகும் வழி இரண்டு. சாங்கியிலிருந்து சுரபாயாவுக்கு நேரடி விமானம், அங்கிருந்து ரயிலில் பன்யுவாங்கி அருகே உள்ள கெத்தாபாங் நிலையம் ஆறேழு மணி நேரம். அல்லது பாலிக்குப் பறந்து, சாலை வழியே கிலிமானுக் போய், படகில் நீரிணையைக் கடந்து அதே கெத்தாபாங். படகுப் பயணம் ஒரு மணி நேரத்துக்குள். இதில் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். பாலி நேரமும் சிங்கப்பூர் நேரமும் ஒன்று. ஜாவா ஒரு மணி நேரம் பின்னால். கைபேசி தானாக மாற்றிக்கொள்ளும் என்று விட்டுவிட்டு, நீரிணை ஓரத்தில் அது பாலியின் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டதால் ஓட்டுநரோடு நேரம் பேசுவதில் ஒரு மணி நேரம் பிசகுவது வழக்கமாக நடப்பது. "ஜாவா நேரம் 12.15" என்று சொல்லியே பேசுங்கள்.

பாலியிலிருந்து ஒரே இரவில் போய்வரும் திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூங்காத உடம்போடு வாயுவில் நிற்பது சரியல்ல. முதல் நாள் மாலைக்குள் பன்யுவாங்கி வந்து, ஆறு மணிக்குச் சாப்பிட்டு, ஏழு மணிக்குப் படுத்துவிடுங்கள். அந்த ஊரின் நாசி தெம்போங் என்னும் சோற்று உணவு மிளகாய்ச் சம்பலுக்குப் பெயர்போனது. ஏறி முடித்த பிறகு சாப்பிடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் சம்பலில் பெலாச்சான் (இறால் விழுது) இருக்கிறதா என்று கேட்க வேண்டும். அங்கே அதற்குத் தெராசி என்று பெயர். "தாக் பாகாய் தெராசி" என்றால் புரிந்துகொள்வார்கள்.

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 30 நாள்வரை விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் விசா எடுக்க வேண்டும். விமான நிலையத்திலேயே எடுக்கலாம், இணையத்தில் முன்பே எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். கடப்பிதழ் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும்.

இரவின் நேரக்கணக்கு இப்படி வரும். 11.30க்கு எழுந்து, 12.15க்குக் கிளம்பினால் 1.30க்குள் பால்துடிங். கதவு பொதுவாக 2 மணிக்குத் திறக்கும். முதல் இரண்டு கிலோமீட்டர் விடாத ஏற்றம், மண்ணும் சரளையும். அதன் முடிவில் போண்டோக் புண்டர் என்னும் வட்டமான பழைய கட்டடம் வரும். அதற்கு அப்பால் உள்ள ஒரு கிலோமீட்டர் ஓரளவு சமம். 3.30க்கு விளிம்பு. ஜூனில் சூரியன் 5.30ஐ ஒட்டி எழும், ஆனால் 4.45க்கே வானம் வெளுத்து, எரிமலை வாய்க்குள் எரியும் நீலச்சுடர் மங்கத் தொடங்கிவிடும்.

அந்த நீலச்சுடரைப் பலர் எரிமலைக் குழம்பு என்று நினைக்கிறார்கள். பாறை வெடிப்புகளிலிருந்து 600 பாகை செல்சியஸ்வரை சூட்டோடு வரும் கந்தக வாயு, காற்றைத் தொட்டதும் தீப்பிடிக்கிறது. கொஞ்சம் வாயு திரவக் கந்தகமாக மாறி, எரிந்துகொண்டே சரிவில் வழிகிறது. எரியும் கந்தகம் என்றால் அங்கேயே கந்தக டை ஆக்சைடு உற்பத்தியாகிறது என்று பொருள். சுடர் அழகாக இருக்கும் பக்கம்தான் காற்று கெட்டிருக்கும்.

விளிம்பிலிருந்து உள்ளே இறங்கும் பாதையின் தலைப்பில், வருகையாளர்கள் இறங்கக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி ஆட்கள் இறங்குவதும் நடக்கிறது. என் கருத்து: அன்று பணியில் இருக்கும் காவலர் வேண்டாம் என்றால் மறுபேச்சு வேண்டாம். விளிம்பில் நின்று விடியலில் ஏரியைப் பார்ப்பதில் குறை ஒன்றும் இல்லை. இறங்க விட்டாலும், வழிகாட்டி இல்லாமல், சொந்த முகமூடி இல்லாமல் இறங்காதீர்கள். இறக்கம் 200 மீட்டருக்கும் மேல், படி போலக் கிடக்கும் பாறைகள், முக்கால் மணி நேரம் பிடிக்கும். மேலே ஏறிவர அதைவிட அதிகம்.

வாயு முகத்தில் அடித்தால் என்ன செய்வது? தீயில் மாட்டிக்கொண்டால் தரையோடு தவழ்ந்து போங்கள் என்று குடிமைத் தற்காப்புப் படை நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. வீட்டுத் தீயின் சூடான புகை மேலே போகும், அதனால் அது சரி. இங்கே அதைச் செய்யாதீர்கள். கந்தக டை ஆக்சைடு காற்றைவிட இரு மடங்குக்கும் மேல் கனம். குளிர்ந்ததும் பள்ளத்தில் தேங்கும். குனியாதீர்கள், குழியில் ஒதுங்காதீர்கள். மூச்சைப் பிடித்து முகமூடியை மாட்டி, காற்றுக்கு முதுகு காட்டி, பாறையைப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் காற்று திசை மாறும். மாறாவிட்டால் புகை போகும் திசைக்குக் குறுக்காக, முடிந்தவரை மேட்டை நோக்கி நகருங்கள். ஓடினால் மூச்சு இரைக்கும், கால் இடறும். கண்ணுக்குக் காற்றுப் புகாத நீச்சல் கண்ணாடி போதும். கான்டாக்ட் லென்ஸ் வேண்டவே வேண்டாம். ஈரத் துணி கந்தக டை ஆக்சைடைக் கொஞ்சம் உறிஞ்சும் என்பது உண்மை, ஆனால் அது முகமூடிக்கு மாற்று இல்லை.

துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். குழாய்கள் வழியே கந்தக ஆவியைக் குளிரவைத்து, சிவப்பாக வடிந்து மஞ்சளாக உறையும் கட்டிகளை உடைத்து, இரு கூடைகளில் 70 முதல் 90 கிலோவரை தோளில் சுமந்து அதே பாதையில் ஏறுகிறார்கள். விளிம்பிலிருந்து அடிவாரம்வரை இறக்க இப்போது பலர் தள்ளுவண்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் வரும்போது நீங்கள் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி முழுதாக நில்லுங்கள். அந்தச் சுமையோடு நின்று மறுபடி கிளம்புவது எவ்வளவு கடினம் என்று பார்த்தாலே தெரியும். முகத்தில் விளக்கடிக்காதீர்கள். படம் எடுத்தால் கேட்டு எடுங்கள், பணம் கொடுங்கள். முட்டி வலிக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு அதே தள்ளுவண்டி உதவும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து விளிம்புவரை இழுத்துச் செல்வார்கள். ஏறும் முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள், பேரம் வேண்டாம்.

விளிம்பில் வேலி இல்லாத இடங்கள் நிறைய. 2024 ஏப்ரலில் படம் எடுத்துக்கொள்ளும்போது ஒரு சுற்றுப்பயணி அங்கிருந்து விழுந்து இறந்தார். பின்னால் நகர்ந்து படம் எடுப்பதை விட்டுவிடுங்கள்.

குளிர் 10 பாகையை ஒட்டி, ஜூலை, ஆகஸ்டில் இன்னும் குறையும். மெல்லிய உடை இரண்டு, மேலே காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்று. பருத்தி பனியன் ஏற்றத்தில் வியர்வை குடித்து விளிம்பில் நடுங்க வைக்கும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். வெள்ளி மோதிரம், கொலுசு, அரைஞாண் கொடி, செம்புக் காப்பு எல்லாவற்றையும் கழற்றி அறையில் வையுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் கறுத்துவிடும். கேமராவை மூடி வையுங்கள், திரும்பியதும் ஈரம் பிழிந்த துணியால் துடையுங்கள். கந்தகத்தில் செய்த சிறு பொம்மைகள் விற்பார்கள். காசு கொடுங்கள், பொம்மையைப் பெட்டியில் போடாதீர்கள், அது எரியும் பொருள். உடுத்திய துணியைத் தனிப் பையில் கட்டி, வீட்டில் மற்ற துணியோடு சேர்க்காமல் இரண்டு முறை துவையுங்கள். பயன்படுத்திய வடிகட்டியை அடுத்த பயணத்துக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

இறங்கிய பிறகு தொண்டைக் கரகரப்பும் லேசான இருமலும் சில மணி நேரம் இருப்பது உண்டு. ஆனால் நெஞ்சு இறுகுவது, பேச மூச்சு போதாமல் போவது, இருமல் நேரம் ஆக ஆகக் கூடுவது இவை வேறு. இத்தகைய வாயுக்கள் நுரையீரலில் நீர் கோக்க வைப்பது பல மணி நேரம் கழித்தும் நடக்கலாம், நீங்கள் சாங்கியில் இறங்கிய பின்னும்கூட. அப்படியானால் வீட்டுக்குப் போகாமல் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எரிமலையில் கந்தக வாயுவைச் சுவாசித்தீர்கள் என்பதையும், எத்தனை மணிக்கு என்பதையும் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.